கெங்கம்மாளின் வலது பக்கம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுங்களா. பின்னால் நிற்பவர்களுக்கும் இடம் விடுங்கள். இன்றைக்கு ஒரு காட்டுக்காரியின் கதை சொல்லப்போகிறேன். அவள் மிருகங்களோடு பேசுவாள், அவள் கை பட்டால் காயம் ஆறும், வேண்டும்போது வேறு உருவம் எடுப்பாள். ராஜா ராணி காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பிறந்தது நம் குடியாத்தத்தில், ஒரு பழைய லேப்டாப்புக்குள். அவள் எப்படிப் பிறந்தாள், அவள் பிறக்கும்போது யாருக்கு வலித்தது என்பதுதான் கதை.

கெங்கம்மாள் வாசல் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பவர்லூம் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சியில் நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. இப்போது அதற்குச் சின்ன மோட்டார் வந்துவிட்டது. நூல் அறுந்தால் முடிச்சுப் போடவும், குச்சி நிறைந்தால் மாற்றவும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். அவளுக்கு எதிரே மருமகள் பூர்ணிமா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் நிமிந்து பாருங்க."

"எதுக்குடி இத்தினி போட்டோ? எனக்கு இன்னா பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"சொன்னேன்ல, கம்ப்யூட்டர் கேம்ல ஒரு அம்மா வரணும். உங்க மூஞ்சி வெச்சிக்கறேன்னு கேட்டேன், நீங்களும் சரின்னீங்க."

"சரின்னேன். அதுக்குன்னு சுத்திச் சுத்தி வராத. இந்தப் பக்கமாவே எடு." கெங்கம்மாள் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் கொடுத்தாள். வலது கன்னம் சுவர்ப் பக்கம் போயிற்று. இது ஒன்றும் புதிதில்லை. எந்தப் போட்டோவுக்கும் அவள் இப்படித்தான் நிற்பாள். மகன் சூரியபிரகாஷின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும். மாலை மாற்றும்போதும், தாலி கட்டும்போதும், பந்தியிலும் மாப்பிள்ளையின் அம்மா யாரையோ கூப்பிடுவதுபோல ஒரே பக்கம் திரும்பி இருப்பாள். பார்க்கிறவர்கள், பாவம், கல்யாண வேலையில் நிற்கக்கூட நேரமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூர்ணிமா அந்த ஆல்பம் வழியாகத்தான் அந்த வீட்டுக்கு வந்தவள். அவளுக்குக் காரணம் தெரியும். கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்னால், அப்போது வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆம்பூர் போய் இறங்கிய ஒரு காலையில், கெங்கம்மாள் குடித்த டீ வாயின் வலது ஓரமாக வழிந்தது. கூட வந்தவர்கள் விளையாட்டு காட்டுகிறாள் என்று சிரித்தார்கள். பிறகுதான் முகம் கோணியிருப்பதைப் பார்த்தார்கள். தெருவில் காத்து அடிச்சிடுச்சி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் முகத்து நரம்பு என்றார்கள். மாத்திரை, பயிற்சி, மசாஜ் என்று போனதில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. சரியாகாத மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கம்பெனி பஸ் ஏற அவளுக்கு மனமில்லை. வீட்டோடு தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே மாமியார் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாளோ அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பூர்ணிமா எழுந்தாள். அவளுக்கு அது போதும். அவள் பிழைப்பே அப்படிப்பட்டது.

அவளுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் செக்‌ஷனில் வேலை. ஷூவின் மேல்தோல் எந்தெந்தத் துண்டாக வெட்டுப்பட வேண்டும், எங்கே மடிப்பு, எங்கே தையல் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த வேலையில் யாரும் இரண்டு கால் வரைவதில்லை. ஒரு காலை ஒழுங்காக வரைந்தால் மற்றது தானாக வரும், திருப்பிப் போட்டுவிடலாம். வெளிநாட்டுக்கு அனுப்புகிற சாம்பிள்கூட ஒற்றைச் செருப்பாகத்தான் போகும். ஒன்றைச் செய், மற்றதைத் திருப்பு. கல்லூரியில் இரண்டு வருஷமும் இந்த செக்‌ஷனில் ஏழு வருஷமும் அவள் கை அதையே செய்து பழகியிருந்தது.

அந்த செக்‌ஷனை இப்போது சென்னைக்கு மாற்றப்போகிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் தையல் லைனில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பூர்ணிமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல் லைனில் உட்கார்ந்தவள்தான். மேலே வர மூன்று வருஷம் ஆனது. சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி பஸ் வருகிறதா என்று பார்த்த நாட்கள் அவை. திரும்பவும் அங்கே போகக்கூடாது என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம். போனில் பார்த்துப் பார்த்து, ஷூவை முப்பரிமாணமாகச் செய்கிற கையை மனித உருவம் செய்யப் பழக்கினாள். பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, ஓர் உருவம் செய்து காட்டு, பிடித்தால் வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருகிறோம் என்றது.

அவர்கள் கேட்ட உருவத்துக்குப் பெயர் ட்ரூயிட். அந்த விளையாட்டில் வாள்காரன் உண்டு, வில்லாளி உண்டு, மந்திரவாதி உண்டு. ட்ரூயிட் என்பது காட்டையே கோயிலாகக் கும்பிடுகிற ஆள். பூசாரி, மூலிகை வைத்தியர், மருளாடி மூன்று பேரையும் ஒன்றாகப் பிசைந்தால் எப்படி இருக்கும், அப்படி. இலையும் கொடியும் அந்த ஆள் சொன்னதைக் கேட்கும். சண்டை என்று வந்தால் மிருகமாக மாறும். ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனி மெயிலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐம்பது வயதைத் தாண்டிய பெண். அழகு தேவையில்லை. காட்டு மிருகம் அவளைப் பார்த்தால் நிற்க வேண்டும்.

பூர்ணிமா உடம்பை முதலில் செய்தாள். கழுத்திலிருந்து கால்வரை தோல் உடுப்பு. அதற்கு ஓர ம‌டிப்பு, இரட்டைத் தையல், முழங்கையில் இழுபடாமலிருக்க ஒட்டு எல்லாம் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து சீட் குர்ஷித்திடம் காட்டினாள்.

குர்ஷித் டிபன் மூடியில் கை கழுவிக்கொண்டே பார்த்தாள். "யா அல்லா, இன்னாடி இது? ஆடு மாட்டயெல்லாம் காப்பாத்தறவன்னு சொன்ன. அதுங்க தோலையே உரிச்சிப் போட்டுக்கினு நிக்கிறா? இவளப் பாத்தா மிருகம் நிக்காது, ஓடிப்போயிடும்."

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆம்பூரில் இருக்கிறவளுக்கு உடுப்பு என்றால் முதலில் தோல்தான் ஞாபகம் வரும்போல. தோலை எடுத்துவிட்டு நார்ச்சேலை மாதிரி ஒன்று கட்டிவிட்டாள். தோளில், வீட்டில் கிடந்த கட்டம் போட்ட பழைய குடியாத்தம் லுங்கியைச் சால்வையாகப் போட்டாள்.

முகம் மட்டும் வரவில்லை. எதைச் செய்தாலும் சீரியல் மாமியார் மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒருநாள் அந்தத் தெருவின் கோயில் காளை, வெயிலில் மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த நூல் கற்றையை வாயில் கவ்வி இழுத்தது. தெருவில் நாலு பேர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கெங்கம்மாள் எழுந்துகூட வரவில்லை. தார் மிஷினில் கை இருந்தபடியே வாசல் வழியாகப் பார்த்து, "ஏய்" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. காளை அவளைப் பார்த்தது. நூலைத் துப்பிவிட்டுப் போயிற்று. பூர்ணிமா அன்றைக்கே கேட்டாள், அத்தை, உங்க மூஞ்சிய வெச்சிக்கட்டா என்று.

இடது பாதி அற்புதமாக வந்தது. நெற்றி வரிகள், மூக்குத்தி, கண்ணோரத்துச் சுருக்கம், வெற்றிலைக் கறை ஏறிய உதட்டின் ஓரம் எல்லாம் வந்தன. பூர்ணிமா வழக்கம்போல அதைத் திருப்பிப் போட்டாள். ஒரு நொடியில் முகம் முழுசாயிற்று. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கெங்கம்மாள் முந்தானையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டே திரைக்குக் கிட்டே வந்தாள். அந்தக் கண்ணில் எப்போதும் கொஞ்சம் நீர் கட்டும்.

"நல்லா இருக்கறா. யாரு இவ?"

"நீங்கதான் அத்தை."

"நானா?" அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "எங்க பெரியம்மா பொண்ணு ஒருத்தி விரிஞ்சிபுரத்துல இருக்கறா. அவ ஜாடை அடிக்குது." சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து ராகுல் வீடியோ காலில் வந்தார். உருவங்களைப் பார்த்து முடிவு சொல்கிற குழுவில் ஒருவர். வாலாஜாப்பேட்டைக்காரர், அதனால் இவளோடு தமிழிலேயே பேசினார்.

"அந்த லுங்கி சூப்பருங்க. எங்கப்பா இதே கட்டம்தான் கட்டுவாரு. முகம்தான்..."

"முகத்துல இன்னா சார்?"

"ஜவுளிக்கடை வாசல்ல பொடவ கட்டி நிக்க வெச்சிருப்பாங்களே பொம்ம, அது பாக்கற மாதிரி பாக்குது. பாதி பண்ணி மிர்ரர் போட்டீங்களா?"

பூர்ணிமாவின் காது சூடாயிற்று. "எங்க வேலையில அப்படித்தான் சார். ஒரு கால் பண்ணா போதும்."

ராகுல் சிரித்துவிட்டார். குத்தலான சிரிப்பில்லை. "ஷூவுக்கு அது கரெக்ட். ரெண்டும் ஒண்ணா இல்லன்னா போட்டவன் நொண்டுவான். மூஞ்சி அப்படி இல்லீங்களே. மரம்கூட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா வளருது? இவ காட்டு ஆளு. திங்கக்கிழம எல்லாரும் உக்காந்து பாக்கறோம். இன்னும் ரெண்டு பேர் அனுப்பியிருக்காங்க. அதுக்குள்ள மாத்திக் குடுங்க, நான் எடுத்து வெக்கறேன்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குர்ஷித் இதைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினாள். "இதுக்கா பேஜார் ஆவற? அந்தப் பக்கம் வாயக் கொஞ்சம் இழு, நாலு சுருக்கம் ஜாஸ்தி வை, கண்ண சின்னதாக்கு. ஆச்சு. இன்னொரு பக்கத்த யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

யார் பார்க்கப்போகிறார்கள் என்று பூர்ணிமாவும் நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து முகத்தின் வலது பாதியில் கை வைத்தாள். மாமியாரைக் கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும். கேட்பதே பாவம் என்றும் தோன்றியது. அதனால் நான்கு வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்ததை வைத்து, தானாகவே செய்தாள். வாயின் வலது ஓரத்தைப் பிடித்து வெளிப்புறமாக இழுத்தாள். கன்னத்தில் பள்ளம் போட்டாள். நெற்றியில் வரிகளை ஆழமாக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். இழுக்க இழுக்க முகத்துக்கு ஏதோ உயிர் வருவதுபோல இருந்தது. என்ன உயிர் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. திங்கட்கிழமை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. கெங்கம்மாள் டீ கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"இப்போ தெரியுது, யாருன்னு" என்றாள்.

"அத்தை, அது வந்து..."

"எதிர்வூட்டுப் பசங்க ஒளிஞ்சிக்கினு இப்படித்தான் வாயக் கோணிக் காட்டுவானுங்க. நான் பாக்காத மாதிரி போயிடுவேன். அவனுங்க பசங்க." டம்ளரை மேஜையின் உள்பக்கமாக நகர்த்தினாள், கை பட்டுக் கொட்டிவிடாமல். "டீ ஆறிடப்போவுது, குடி."

அதற்கப்புறம் அவள் ஒரு சொல் குறைத்துப் பேசவுமில்லை, அதிகம் பேசவுமில்லை. சனிக்கிழமை காலையில் இட்லி வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றாள், குடை எடுத்துப் போகச் சொன்னாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. தெருவுக்குப் போகும்போது மட்டும் வலது கன்னத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் முந்தானையை இப்போது வீட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டிருந்தாள். அடுப்படியிலும் அப்படியே. பூர்ணிமா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அது நடந்ததில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வாய் திறந்து, "அத்தை, தப்புதான், கேக்காம பண்ணிட்டேன்" என்றபோது, கெங்கம்மாள் "சாம்பார் ஊத்திக்க" என்றாள்.

அன்று கம்பெனியில் பூர்ணிமா ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள். தையல் லைனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, அந்த வலது பாதியை மொத்தமாக அழித்தாள். திரையில் பாதி முகம் மட்டும் நின்றது. நெற்றியும் மூக்கும் வாயும் நடுவில் வெட்டுப்பட்டு, அதற்கப்பால் ஒன்றுமில்லாத சாம்பல் நிறம். சாம்பிள் ரூம் அலமாரியில் நிற்கிற ஒற்றைச் செருப்பு மாதிரி இருந்தது. வேறு முகம் தேட வேண்டும். மனசு எதிலும் நிற்கவில்லை. மூடாமலே எழுந்துபோய்ப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது, கெங்கம்மாள் லேப்டாப் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் தறிகள் ஓடவில்லை, லீவு. அமைதியாக இருந்ததாலோ என்னவோ அவள் குரல் பெரிதாகக் கேட்டது.

"மீதி எங்க?"

"அழிச்சிட்டேன் அத்தை."

"பாதி மூஞ்சிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"வேற யார் மூஞ்சியாவது பண்ணிக்கறேன். இல்லன்னா வுட்டுடறேன். லைன்ல உக்காந்தா இன்னா, செத்தா போயிடுவேன்?"

கெங்கம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்து வீட்டுச் சமாசாரம் பேசுவதுபோலச் சொன்னாள். "வைகாசி ஒண்ணாந்தேதி நம்ப கெங்கையம்மன் சிரச ஊர் பூரா தூக்கிக்கினு போறாங்க. எத்தினி ஜனம், எத்தினி மாலை. கொண்டுபோயி உடம்புல வெச்சி, அப்புறம் கண்ணத் தொறப்பாங்க. அவ பேரத்தான் எனக்கு வெச்சிருக்குது. பாதிச் சிரச எவனாச்சும் தூக்கிக்கினு போயி நீ பாத்திருக்கியா?"

பூர்ணிமா ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நீ பண்ணதுல எனக்கு ஆத்திரம் எதுக்குன்னா," கெங்கம்மாள் முந்தானையைப் பின்னால் தள்ளினாள், "கோணலாப் பண்ணதுக்கு இல்ல. தப்பாப் பண்ண. இங்க வா, கிட்ட வந்து பாரு. பயப்படாத."

ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தை நேராகத் திருப்பினாள். நான்கு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும், தூங்கியும், சண்டை போட்டும் பூர்ணிமா அந்த முகத்தை இப்படி நேருக்கு நேராகப் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கண் தானாக விலகிவிடும்.

"சிரிக்கறேன், பாத்துக்க." கெங்கம்மாள் சிரித்தாள். வாய் இடது பக்கமாக ஏறியது. "எந்தப் பக்கம் இழுக்குது?"

"இது... நல்ல பக்கம்."

"ஆங். ஊர்ல எல்லாரும் இந்தப் பக்கம் இழுத்துக்கிச்சின்றான். நீயும் அதையே பண்ணி வெச்ச. இழுக்கறது நல்ல பக்கம்தாண்டி. கெட்ட பக்கம் யாரையும் இழுக்கல, அது சும்மா நிக்குது." புருவத்தை உயர்த்தினாள். இடது நெற்றியில் வரிவரியாக எழும்பியது. வலது நெற்றி அப்படியே இருந்தது, இஸ்திரி போட்ட துணி மாதிரி. "நீ இன்னாடான்னா இங்க சுருக்கமா போட்டு வெச்சிருந்த. தொட்டுப் பாரு."

பூர்ணிமா தொட்டாள். ஈரக் கை. மாமியாரின் வலது கன்னம் மெத்தென்று, சூடாக, ஒரு வரியுமில்லாமல் இருந்தது. ஒளித்து வைத்திருந்த பக்கத்துக்கு வயதே ஏறவில்லை. பையன் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கெங்கம்மாள் அந்தப் பாதியில் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்புறம் கண்ணு. அத நீ சின்னதாக்கின. இது சின்னதாவாது, மூடவே மூடாது. அதுக்குத்தான் ராத்திரில முந்தானைய மேல போட்டுக்கினு படுக்கறேன். சொட்டு மருந்து ஊத்தறது எதுக்குன்னு நெனச்ச?"

"முழுசா மூடாதா அத்தை?"

"ஒரு கீத்து தொறந்தே கெடக்கும். உங்க மாமா உயிரோட இருக்க சொல்ல பயந்துட்டாரு, முழிச்சிக்கினு இருக்கியாடின்னு எழுப்பிக் கேப்பாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. கெங்கம்மாள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுகிறவள், இப்போது மூடவில்லை. பூர்ணிமா போனை எடுக்கலாமா என்று யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "எடு, எடு. சும்மாவா காட்டறேன்" என்றாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, முன்பக்கம், வலது பக்கம், மேலே பார்த்து, கீழே பார்த்து, சொன்னபடியெல்லாம் முகத்தைக் கொடுத்தாள். நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஆமா, இவ சண்ட போடுவான்னியே. சாவாளா?"

பூர்ணிமாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாவா அத்தை. ஆடறவங்க சரியா ஆடலன்னா செத்துப் போவா. மறுபடி எழுந்துக்குவா."

"எத்தினி வாட்டி?"

"கணக்கே இல்ல. எங்கெங்கயோ ஊர்ல உக்காந்து ஆடுவாங்க. எல்லார்கிட்டயும் சாவா, எழுந்துக்குவா."

கெங்கம்மாள் இதை மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். அந்தக் கம்பெனி பஸ், வழிந்த டீ, சிரித்த பெண்கள் எல்லாம் ஒருமுறை வந்து போயிருக்க வேண்டும். "எழுந்துக்கறா இல்ல, அப்போ சரி" என்றாள். "அழக்கூடாது. அடி வாங்கினா அடி வாங்கட்டும், அழுவற மாதிரி வெக்காத. மிருகமா மாறுவான்னியே, இன்னா மிருகம்?"

"கரடி, ஓநாய் மாதிரி கேட்டிருக்காங்க."

"கரடிய நான் பாத்ததே இல்ல. எருமை வை. நடுரோட்டுல நின்னுச்சின்னா லாரிக்காரன் எறங்கிக் கும்புட்டாலும் நவுராது. எருமைய எவன் ஜெயிப்பான்?"

பூர்ணிமா அதைச் சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள், கட்டம் போட்ட லுங்கி தோளில் கிடக்க, வளைந்த கொம்போடு பாதை நடுவே நிற்கிற ஓர் உருவம் அவள் கண்ணுக்குள் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

"இன்னொண்ணு இருக்குது," கெங்கம்மாள் பாயை உதறி, வாசலுக்கும் நூல் கூடைக்கும் நடுவே விரித்தாள். "மூடினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நடிச்சிக் காட்டினா சரியா வராது. நான் தூங்கறேன், நீ பாத்துக்க. மூஞ்சில எதுவும் போட்டுக்கல."

"அத்தை, வாணாம். வாசல் தொறந்திருக்குது, தெருவுல போறவங்க..."

"பாத்தா பாக்கட்டும். திங்கக்கிழம எத்தினி பேர் பாக்கப் போறான், அதுக்கு இன்னா பண்ணுவ?" சொல்லிவிட்டு வலது பக்கம் மேலே தெரிய ஒருக்களித்துப் படுத்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

தூங்குகிறமாதிரி பாவனை செய்வாள் என்றுதான் பூர்ணிமா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராயிற்று, லேசான குறட்டையும் வந்தது. இடது கண் சாதாரணமாக, எல்லோருக்கும் மூடுவதுபோல மூடியிருந்தது. வலது இமை பாதி வழி இறங்கி நின்றுவிட்டது. அந்தக் கீற்றில் விழியின் வெள்ளையும், கருவிழியின் ஓரம் ஒரு நகக்கீற்றளவும், வெளிச்சம் பட்டு மின்னுகிற ஈரமும் தெரிந்தன. பூர்ணிமா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாதிருந்த அந்தப் பாதியை நெற்றியிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எதையும் இழுக்கவில்லை. சும்மா நிற்கிறதைச் சும்மா நிற்க விட்டாள். காட்டில், நெருப்புப் பக்கத்தில், இந்த அம்மாள் ஓய்வெடுக்கிற காட்சி ஒன்று வேண்டும் என்று அந்த மெயிலில் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. கோயில் காளை. படிக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டி, கூடையில் இருந்த நூலை மோந்தது. பூர்ணிமா விரட்ட வாயெடுத்தாள், மாமியார் எழுந்துவிடுவாளே என்று நிறுத்திக்கொண்டாள். காளை இன்னும் ஓர் அடி வைத்தது. தலையைத் தாழ்த்தியபோது பாயில் கிடந்த முகத்துக்கு நேராக வந்துவிட்டது. அங்கே அந்தக் கண் திறந்திருந்தது. காளை மூச்சு விட்டது. கெங்கம்மாளின் நெற்றி முடி அசைந்தது, குறட்டை நிற்கவில்லை. காளை அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நூலைத் தொடாமல், ஒவ்வொரு காலாகப் பின்வாங்கித் தெருவுக்கு இறங்கியது.

பூர்ணிமா திரையில் அந்த வலது இமையைப் பாதி வழி இறக்கி, அங்கேயே நிறுத்தினாள்.

இதுதான் கதை, கண்ணுங்களா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்கள், படி இருக்கிறது. உங்கள் வீட்டு உலையில் எப்போதும் ஒரு பிடி அரிசி கூடவே வேகட்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் முகத்தைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் அசந்து தூங்கும்போது, உங்களுக்காக யாரோ ஒருவரின் ஒற்றைக் கண் மூடாமல் இருக்கட்டும்.